ஒரே ராத்திரி, பல கதைகள்: புதிதாகக் கதை எழுதுகிறவர்களுக்கு

கதை எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் முதலில் எழுதிக்கொண்டு வருவது பெரும்பாலும் கதையாக இருக்காது, ஒரு நாளின் பட்டியலாக இருக்கும். காலையில் எழுந்தான், காட்பாடியில் ரயில் ஏறினான், அரக்கோணத்தில் இறங்கினான், மாமா வீட்டில் சாப்பிட்டான், சாயங்காலம் திரும்பி வந்தான். பிழை எதுவும் இருக்காது, வாக்கியம் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஆனாலும் படிக்கிறவர் இரண்டாவது பத்தியிலேயே போனைக் கையில் எடுத்துவிடுவார். ஏனென்றால் அவன் எதற்காக மாமா வீட்டுக்குப் போனான் என்று நமக்குத் தெரியவே இல்லை. கடன் கேட்கப் போனான் என்று ஒரே ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். அதே ரயில், அதே சாப்பாடுதான், ஆனால் மாமா இரண்டாம் முறை குழம்பு ஊற்றும்போது இப்போதே கேட்டுவிடலாமா, கை கழுவிய பிறகு கேட்கலாமா என்று அவனோடு சேர்ந்து நாமும் தவிக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

எடுத்துரைப்பு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். நடந்தவற்றை வரிசையாக எழுதுவது மட்டும் எடுத்துரைப்பு ஆகாது. ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், அதற்கு ஒரு தடை இருக்கிறது, அந்தத் தடைக்கு முன்னால் அவர் ஒரு முடிவு எடுக்கிறார், அதனால் இன்னொன்று நடக்கிறது, கடைசியில் அவரோ அவருடைய நிலைமையோ கொஞ்சமாவது மாறியிருக்கிறது. இதை ஒரு குரல் நமக்குச் சொல்கிறது. செய்தி அறிக்கை தகவலைக் கொடுக்கும், கட்டுரை ஒரு கருத்தை நிறுவும், வர்ணனை ஒரு இடத்தைக் கண்முன் நிறுத்தும். எடுத்துரைப்பு இந்த மூன்றையும் தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளும், ஆனால் அதன் உயிர் "அதனால்" என்கிற இணைப்பில் இருக்கிறது. உங்கள் கதையின் சம்பவங்களுக்கு நடுவில் "அப்புறம்" என்று மட்டுமே போட முடிகிறது என்றால் அது இன்னும் பட்டியல்தான். "அதனால்" என்றோ "ஆனால்" என்றோ போட முடிந்தால் கதை நகரத் தொடங்கிவிட்டது.

இதற்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் நம் பக்கத்து நடுகற்கள். செங்கம் வட்டாரத்தில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன (இன்று அது திருவண்ணாமலை மாவட்டம், 1989-இல் பிரிப்பதற்கு முன்னால் எல்லாம் வட ஆற்காடுதானே). பெரும்பாலான கற்களில் விஷயம் ஒரே அச்சில் இருக்கும்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னாருடைய ஆள், மாட்டு மந்தையைக் காக்கும்போது இறந்துபட்டான், இது அவனுடைய கல். இரண்டு மூன்று வரிக்குள் காலம், களம், பாத்திரம், முரண், முடிவு என்று கதைக்கு வேண்டிய எல்லாம் வந்துவிடுகிறது. ஆனால் எடத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய் இறந்தான் என்று சொல்லிவிட்டு, கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அந்தக் கல் சொல்கிறது. நாயின் உருவமும் அவன் பக்கத்திலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. மற்ற கற்கள் ஆவணமாக நிற்க, இந்தக் கல் என்னைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. கல்லில் ஒவ்வொரு எழுத்தும் உளியடி, அப்படியிருந்தும் நாயின் பெயரை விட்டுவிட யாருக்கோ மனம் வரவில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒருவர் எடுத்த அந்த முடிவுதான் கதை சொல்லும் வேலையில் பாதி.

யார் சொல்கிறார்கள்?

மீதிப் பாதி, யார் வாயால் சொல்வது என்பது. இதற்கு வேலூரில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்வோம், கட்டுரை முடியும்வரை அதையே வைத்துப் பேசலாம். 1806 ஜூலை 10, விடியலுக்கு முன்னால், வேலூர்க் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கும்பெனிப் படைக்கு எதிராக எழுந்தார்கள். தாடி எடுக்க வேண்டும், நெற்றிக்குறி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போட வேண்டும் என்று வந்த உத்தரவுகள் உடனடிக் காரணம். திப்பு சுல்தானின் மகன்களும் குடும்பமும் அந்தக் கோட்டையிலேயே காவலில் இருந்தார்கள், முந்தின நாள் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். கோட்டை சிப்பாய்கள் கைக்கு வந்தது, மைசூர்க் கொடி ஏறியது. தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். செய்தி ஆற்காட்டுக்குப் போக, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரத்திலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். வாசல் மதில்மேல் மாட்டிக்கொண்டு இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் அவரைக் கயிற்றால் மேலே ஏற்றினார்கள், பிறகு பீரங்கி வந்து கதவைத் தகர்த்தது, மத்தியானத்துக்குள் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் இறந்துகிடந்தார்கள்.

இதுவரை நான் எழுதியது சுருக்கம். கதை இல்லை. இதைக் கதையாக்க நீங்கள் யாருக்குப் பக்கத்தில் போய் உட்காரப் போகிறீர்கள் என்று முடிவு செய்ய வேண்டும். ஃபேன்கோர்ட்டின் மனைவி அந்த இரவில் குழந்தைகளோடு ஒளிந்திருந்து பிழைத்தவர், பின்னால் அதை எழுதியும் வைத்தார். அவர் எழுதும்போது அவருக்குக் கேட்டது, ஜன்னல் வழியே தெரிந்தது மட்டும்தான் கதைக்குள் வரும், வெளியே எத்தனை பேர், எதற்காகச் சுடுகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. இதுதான் தன்மைக் கூற்று, "நான்" சொல்லும் கதை. அதன் பலமும் குறையும் ஒரே இடத்தில் இருக்கிறது: நெருக்கம் கிடைக்கும், முழுப் படம் கிடைக்காது.

இன்னொருவர் பக்கம் போகலாம். முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சம்பவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னாலேயே இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடம் போனது, அவர்கள் இவருக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட, இவரையே காவலில் போட்டார்கள். இவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று எழுதலாம், யாரும் கேட்காத உண்மையைச் சொன்னவர் என்றும் எழுதலாம். இவரைப் படர்க்கையில், "அவர்" என்று வைத்து எழுதினால், மனசுக்குள் எவ்வளவு தூரம் நுழைவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. எல்லாம் தெரிந்த கதைசொல்லியாக நின்று, சிறையில் இவரும் கல்யாண வீட்டில் சிப்பாய்களும் ஆற்காட்டில் கில்லெஸ்பியும் ஒரே நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று மாறி மாறிக் காட்டலாம். அல்லது இவர் தோளுக்குப் பின்னாலேயே நின்று, இவருக்குத் தெரியாத எதையும் வாசகருக்குச் சொல்லாமல் இருக்கலாம். புதிதாக எழுதுகிறவர்களுக்கு இரண்டாவது வழியைத்தான் நான் சொல்வேன், ஏனென்றால் ஒரு பத்திக்குள்ளேயே மூன்று பேர் மனசுக்குள் குதிக்கிற பழக்கம் ஆரம்பத்திலேயே ஒட்டிக்கொண்டால் பிறகு போவதில்லை.

"நான்" என்று சொல்பவர் கதாநாயகனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. வாலாஜாபேட்டைக்குப் பக்கத்து வேலம் ஊர்க்காரரான மு. வரதராசன் 1961-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய அகல் விளக்கு நாவலில் விழுந்து அழிகிறவன் சந்திரன், ஆனால் கதையைச் சொல்வது அவன் நண்பன் வேலய்யன். சந்திரனே சொல்லியிருந்தால் தன்னை நியாயப்படுத்திக்கொண்டிருப்பான். நண்பன் சொல்வதால் பாசமும் வருத்தமும் ஒன்றாக வருகிறது, தூரமும் கிடைக்கிறது.

சொல்வதா, காட்டுவதா?

கதை எழுதக் கற்றுத்தருகிற எல்லோரும் "சொல்லாதே, காட்டு" என்று ஓர் அறிவுரை தருவார்கள். அதாவது "அவன் கோபமாக இருந்தான்" என்று எழுதாதே, அவன் சொம்பை வைத்த சத்தத்தை எழுது. நல்ல அறிவுரைதான், ஆனால் பாதி அறிவுரை. நம் வட ஆற்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைக்காலத்தில் பாரதம் வைக்கிறார்களே, அதைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு மீதிப் பாதி புரியும். பகலில் பிரசங்கியார் உட்கார்ந்து பாட்டுப் பாடி விளக்கம் சொல்லிக் கதையை நடத்துகிறார். பன்னிரண்டு வருஷ வனவாசத்தை அவரால் ஒரே மூச்சில் தாண்ட முடியும், நடுவில் நிறுத்தி ஊர் நியாயம் பேச முடியும். ராத்திரியில் கூத்து. அங்கே ஒரு துகிலுரிதல் மணிக்கணக்கில் நடக்கும், திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வருவதற்கே எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்! கடைசியில் படுகளம், மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் கிடக்கிறான், ஊரே சுற்றி நிற்கிறது.

சொல்வதும் காட்டுவதும் இரண்டும் வேண்டும், எங்கே எது என்பதுதான் திறமை. காலம் வேகமாக ஓட வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். ஒருவர் முடிவெடுக்கிற இடத்தில், ஓர் உறவு முறிகிற இடத்தில், நின்று காட்டுங்கள், பேச விடுங்கள். கடன் கேட்கப் போனவன் கதையில் ரயில் பயணம் ஒரு வரி போதும், மாமா சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைத் தட்டை எடுக்கிற அந்த ஐந்து நிமிடத்துக்கு இரண்டு பக்கம் கொடுக்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ரயிலில் ஜன்னலோரக் காட்சி எல்லாம் விவரமாக வரும், கேட்கிற இடம் "தயங்கித் தயங்கிக் கேட்டான், மாமா மறுத்துவிட்டார்" என்று முடிந்துவிடும்.

கூத்து இன்னொன்றையும் சொல்லித்தருகிறது. கர்ண மோட்சத்தில் கர்ணன் சாவான் என்பது பார்க்க வந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அப்படியும் விடிய விடிய யாரும் எழுந்து போவதில்லை. முடிவை மறைத்து வைப்பது மட்டும் ஆர்வத்தை உண்டாக்காது. என்ன நடக்கும் என்று கேட்க வைப்பது ஒரு வகை, எப்படி நடக்கும், நடக்கும்போது பாத்திரங்கள் தாங்குவார்களா என்று கேட்க வைப்பது இன்னொரு வகை, இரண்டாவது நீண்ட நேரம் நிற்கும் என்பது என் எண்ணம்.

கதை வகை என்றால் என்ன?

சரி, இப்போது வகைகளுக்கு வருவோம். பேய் வந்தால் பேய்க்கதை, ராஜா வந்தால் சரித்திரக் கதை, ராக்கெட் வந்தால் அறிவியல் கதை என்று சாமான்களை வைத்துப் பிரிப்பது எளிது, ஆனால் எழுதும்போது அது உதவாது. வாசகர் எந்த உணர்ச்சிக்காகக் காத்திருக்கிறார், எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று பக்கத்தைத் திருப்புகிறார், இதை வைத்துப் பிரித்தால் எழுதுகிறவருக்குப் பயன்படும். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எட்டாகச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அது செய்யுளுக்காகச் சொன்னதுதான், ஆனால் இன்றைய கதை வகைகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் எனக்குத் தெரியவில்லை. பேய்க்கதை அச்சத்தைத் தருவதாக வாக்குக் கொடுக்கிறது, ஃபேன்டஸி மருட்கையை, சாகசக் கதை பெருமிதத்தை, காதல் கதை உவகையை. வாக்குக் கொடுத்த உணர்ச்சி வராவிட்டால், நடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாசகர் ஏமாந்துதான் போவார்.

அந்த 1806 ராத்திரிக்கே திரும்பிப் போய்ப் பார்ப்போம். சரித்திரக் கதையாக எழுதினால் வாசகர் அந்தக் காலத்துக்குள் வாழ வருகிறார். அகழியில் தண்ணீர், கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் (பூசை நின்றுபோய்ப் பல காலமாக மூலவர் இல்லாமல் இருந்த கோயில்), சிப்பாய் கையில் இருக்கிற துப்பாக்கி, எதுவும் தப்பாக இருக்கக் கூடாது. கற்பனைப் பாத்திரங்களைத் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் கில்லெஸ்பியைச் சென்னையிலிருந்து வரவழைக்க முடியாது. உண்மைக்கு நாம் கொடுக்கும் மரியாதைதான் இந்த வகையின் அடிப்படை.

த்ரில்லராக எழுதினால் கடிகாரம் வேண்டும். செய்தி ஆற்காட்டுக்குப் போய்ச்சேருமா, குதிரைப்படை வருவதற்குள் சிப்பாய்கள் வாசலைப் பலப்படுத்துவார்களா? இங்கே வர்ணனை குறைய வேண்டும், வாக்கியம் சுருங்க வேண்டும், ஒவ்வொரு காட்சியும் அடுத்த ஆபத்தைத் திறந்துவிட்டுத்தான் முடிய வேண்டும். துப்பறியும் கதை வேறு. பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். த்ரில்லரில் ஆபத்து இனிமேல்தான் வரப்போகிறது, துப்பறியும் கதையில் குற்றம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, யார், எப்படி என்று பின்னோக்கிப் போகிறோம். ராத்திரி முடிந்து, விசாரணைக்கு வந்த ஒருவர், முஸ்தபா பேக்கைப் பைத்தியம் என்று முடிவெடுத்தவர்களில் யாருக்கெல்லாம் திட்டம் முன்பே தெரியும் என்று தோண்டினால் அது துப்பறியும் கதை. அதில் ஒரு நாணயம் வேண்டும்: துப்பறிபவர் கண்ணில் பட்ட தடயம் எல்லாம் வாசகர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும், கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு ஆளைக் கொண்டுவந்து இவன்தான் என்று சொல்லக் கூடாது. தமிழில் இந்த வகை ஊன்றியதில் நம் பக்கத்துக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு, ஆரணி குப்புசாமி முதலியார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கதைகளைத் தழுவி நிறைய நாவல்கள் எழுதினார், ஆனந்தசிங் என்ற துப்பறிவாளரை நம் ஊர் வாசகர்களிடம் கொண்டுவந்தார். இன்றைக்கு அவர் பெயரை ஆரணியிலேயே எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

சமூகக் கதையாக எழுத எனக்கு இந்த ராத்திரியில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. தோல் குஞ்சம் வைத்த அந்தத் தலைப்பாகையை யாரோ ஒரு தையல்காரர் தைத்திருக்க வேண்டும் அல்லவா? நான் கற்பனையாகத்தான் சொல்கிறேன், அவருக்குக் கும்பெனி வேலைதான் சோறு, வாங்கிப் போட்டுக்கொள்ளப் போகிறவன் அடுத்த தெருச் சிப்பாய், அவன் இவர் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறான். துப்பாக்கிச் சத்தமே கேட்காமல் இந்தக் கதையை முடிக்கலாம். சமூகக் கதையில், குடும்பக் கதையில், கேள்வி "யார் ஜெயிப்பார்கள்" என்பது கிடையாது, "இந்த நிலைமையில் ஒருவர் எப்படி நேர்மையாக வாழ்வது" என்பதுதான். அதனால்தான் பெரிய சம்பவம் இல்லாமலே அது கனமாக இருக்க முடிகிறது.

காதல் கதைக்குக் கல்யாண வீடு தயாராகவே இருக்கிறது. இரண்டு பேருக்கு நடுவில் நிஜமான ஒரு தடை இருக்க வேண்டும், ஒரு நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடுகிற தப்பபிப்பிராயம் தடை ஆகாது, அவ்வளவுதான். பேய்க்கதையில் பேயைச் சீக்கிரம் காட்டிவிடாதீர்கள். நகைச்சுவை இப்படிப்பட்ட இரவில் முடியுமா என்று கேட்பீர்கள், கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியக்காரன் கர்ண மோட்சத்துக்கு நடுவிலும் ஊரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தானே போகிறார்.

ஃபேன்டஸிக்கும் அறிவியல் புனைகதைக்கும் வித்தியாசம் கேட்டு நிறையப் பேர் குழம்புகிறார்கள். அகழியிலிருந்து ஒரு பழைய காவல் தெய்வம் எழுந்து வாசலில் நின்றால் ஃபேன்டஸி. இன்றைய வேலூரிலிருந்து ஓர் இயற்பியல் மாணவி ஒரு கருவியோடு 1806-க்குப் போய், செய்தி ஆற்காட்டுக்குப் போவதைத் தடுக்கப் பார்த்தால் அறிவியல் கதை. முதலாவதில் நடப்பதற்குக் காரணம் அந்த உலகத்தின் விதி, இரண்டாவதில் காரணம் அறிவியலின் சாத்தியம், அது இன்னும் கண்டுபிடிக்கப்படாததாக இருந்தாலும் சரி. இரண்டிலும் விதியை முதலிலேயே வகுத்துவிட்டு அதை நீங்களே மீறாமல் இருக்க வேண்டும். தெய்வத்தால் எதையும் செய்ய முடியும் என்று வைத்துவிட்டால் பயமும் போய்விடும், கதையும் போய்விடும்.

புனைவு அல்லாத எடுத்துரைப்பும் இருக்கிறது, தன்வரலாறு, பயணக் கதை, ஒருவருடைய வாழ்க்கை வரலாறு. காட்சி, பாத்திரம், வரிசை எல்லாம் கதை மாதிரியே இருக்கும், ஆனால் நடக்காததைச் சேர்க்க உரிமை இல்லை. இதற்கும் புனைவுக்கும் நடுவில் ஊர்க்கதை என்று ஒன்று நிற்கிறது. செஞ்சியின் தேசிங்கு ராஜா 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு போரிட்டு இறந்தது வரலாறு. அவனோடு உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக நவாப் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். இதை எழுதும்போது "சொல்வார்கள்" என்ற அந்த ஒரு வார்த்தையை விடாமல் எழுதுங்கள், ஊர்க்கதைக்கும் மரியாதை, வரலாற்றுக்கும் மரியாதை.

சிறுகதை, குறுநாவல், நாவல் என்பதெல்லாம் அளவும் அமைப்பும், வகை இல்லை. எந்த வகையையும் எந்த அளவிலும் எழுதலாம். நல்ல கதைகள் பல ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளைச் சேர்த்தே வைத்திருக்கும், துப்பறியும் கதைக்குள் ஒரு குடும்பக் கதை, சரித்திரத்துக்குள் ஒரு காதல். ஆனால் எது முதல் வாக்கு, எது துணை என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் முடிவு முதல் வாக்குக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். கொலையில் ஆரம்பித்த கதை, கொலைகாரனைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் கல்யாணத்தில் முடிந்தால் யாருக்குக் கோபம் வராது?

எழுதிப் பார்க்க நினைப்பவர்கள் உங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்படுகிற ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி சொல்கிற பாலாற்று வெள்ளமோ, தோல் ஷாப்பில் தாத்தா வேலையை விட்ட நாளோ, எதுவாக இருந்தாலும் சரி. முதலில் அதில் யாருக்கு என்ன வேண்டியிருந்தது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு அதே சம்பவத்தை, அதில் ரொம்பக் குறைவாகப் பேசிய ஆளின் பக்கத்தில் நின்று ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். எந்த வகை என்று அப்போது யோசிக்கவே வேண்டாம். எழுதி முடித்துப் படிக்கும்போது எட்டு மெய்ப்பாட்டில் எது மேலே வருகிறது என்று பாருங்கள், அடுத்த தடவை அதை மனசில் வைத்துக்கொண்டு, எந்தக் காட்சியை நீட்டுவது, எதை ஒரு வரியில் தாண்டுவது என்று முடிவு செய்து திரும்ப எழுதுங்கள்.